ரத்தக் குழாய்ச் சுவரில் குடியிருக்கும் காவல்காரர்கள்!

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மரக்காணத்தில் சற்று வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும். சாலையை ஒட்டிப் பாத்தி பாத்தியாக உவர்நீர் தேங்கி நிற்கிறது. வெயில் ஏற ஏற நீர் சுண்டுகிறது. அடியில் உப்பு பூக்கிறது. அதைப் பலகையால் வாரி, வெள்ளை வெளேரென்று குவித்து வைக்கிறார்கள்.

உப்பளத்துக்கு இரண்டு விதமான ஆட்கள் தேவை. உப்பு வாரும் காலத்தில் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து, வேலை முடிந்ததும் போய்விடுகிறவர்கள் ஒரு விதம். வரப்பு உடையாமலும் பாத்தி தூர்ந்து போகாமலும் பார்த்துக்கொண்டு அங்கேயே இருப்பவர்கள் இன்னொரு விதம்.

இதற்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நம் ரத்தக் குழாய்களின் சுவருக்குள்ளும் இப்படி இரண்டு விதமான ஆட்கள் வேலை செய்கிறார்கள். வந்தவர் யார், வீட்டுக்காரர் யார் என்பது விஞ்ஞானிகளுக்கு அண்மையில்தான் தெளிவாக விளங்கியது. மாரடைப்புக்கு மருந்து தேடுகிறவர்களுக்கு அது பெரிய செய்தி.

ரோஜா முள்ளும் நட்சத்திர மீனும்

கதை 1882-ல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில் தொடங்குகிறது. ருஷ்ய விஞ்ஞானி எலி மெட்ச்னிகாஃப் அங்கே தங்கியிருந்தார். வீட்டார் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் மைக்ராஸ்கோப்பும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் கூட்டமாக வந்து மொய்த்திருந்தன! அந்நியப் பொருளை விழுங்க வரும் அணுக்கள் அவை. இந்த ஆராய்ச்சிக்காக 1908-ல் பால் எர்லிக்குடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 'மேக்ரோபேஜ்' என்று அவர் பெயரிட்ட அணுவை நாம் 'விழுங்கணு' என்று சொல்லலாம்.

1913-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கோலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்டிராலை ஊட்டினார். அவற்றின் ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்தது. அங்கே கொழுப்பை வயிறு முட்ட விழுங்கி, நுரை போல் உப்பிக் கிடந்த அணுக்களையும் அவர் கண்டார். இவை எங்கிருந்து வந்தன? 1981-ல் பன்றிகளை வைத்து நடந்த ஆராய்ச்சி ஒரு விடை சொன்னது. எலும்பு மஜ்ஜையில் பிறந்து ரத்தத்தில் சுற்றும் 'மானோசைட்' என்ற வெள்ளை அணுக்கள் சுவரைத் துளைத்து உள்ளே நுழைந்து இப்படி மாறுகின்றன.

நடப்பது இதுதான். ரத்தக் குழாய் கிளை பிரியும் இடங்களில் ரத்த ஓட்டம் சுழித்துப் போகிறது. அங்கே கொலஸ்டிரால் துகள்கள் சுவருக்குள் கசிகின்றன. அதைத் துப்புரவு செய்யத்தான் மானோசைட்டுகள் வருகின்றன. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை! ஆனால் விழுங்கிய கொழுப்பைக் கரைக்கவும் முடியாமல், வெளியேற்றவும் முடியாமல் அங்கேயே மடிகின்றன. குப்பை அள்ள வந்தவர்களே குப்பையாகிவிடுகிறார்கள். அந்தக் குவியலில் கொலஸ்டிரால், உப்புப் பாத்தியில் உப்பு போலவே, படிகமாக உறைகிறது. இப்படிகங்கள் விழுங்கணுவைக் குத்திக் கிளறி, 'இன்டர்லூகின்' என்ற அபாயச் சங்கை ஊத வைக்கின்றன என்று 2010-ல் நிரூபிக்கப்பட்டது. சங்கு கேட்டு மேலும் அணுக்கள் வருகின்றன. மேல்மூடி அரிக்கப்பட்டு ஒரு நாள் உடைகிறது. ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. மாரடைப்பு!

வயிற்றிலேயே வந்தவர்கள்

இதனால் விழுங்கணு என்றாலே குற்றவாளி என்ற எண்ணம் ஏற்பட்டது. அதில் பாதிதான் உண்மை.

கனடாவின் டொரான்டோ நகர விஞ்ஞானிகள் 2016-ல் சுண்டெலிகளை ஆராய்ந்து ஓர் ஆச்சரியத்தை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான ரத்தக் குழாயிலும் விழுங்கணுக்கள் உண்டு. அவற்றில் ஒரு பகுதி, குட்டி தாய் வயிற்றில் கருவாக இருக்கும்போதே அங்கே குடியேறியவை. பிறந்தவுடன் மானோசைட்டுகளில் ஒரு தொகுதியும் வந்து சேர்ந்துகொள்கிறது. அதற்குப் பிறகு வெளியாள் தயவு அநேகமாக வேண்டியதில்லை. அங்கேயே பிரிந்து பெருகித் தங்கள் தொகையைக் காத்துக்கொள்கின்றன.

அவற்றுக்கு என்ன வேலை? இதற்கு விடை நம்மவர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரிலிருந்து வந்தது. அங்கே தேசியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2018-ல், குழாயின் வெளிச்சுவரில் வாழும் ஒரு வகை விழுங்கணுக்களைச் சுண்டெலியிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். குழாய் விறைத்துப் போயிற்று! தசை அணுக்கள் சுரக்கும் கொலாஜன் என்ற நார்ப்பொருளை இவ்வணுக்கள் கரைத்து, சுவரை நெகிழ்வாக வைக்கின்றன. மனிதர்களின் குழாயிலும் இதே வகை அணுக்களைக் கண்டார்கள். குழாய் விறைத்தால் ரத்த அழுத்தம் ஏறும் என்பதை டாக்டர்கள் அறிவார்கள். வரப்பைக் காக்கிறவரையும் வெளியாளோடு சேர்த்துத் துரத்தினால் உப்பளம் என்ன ஆகும்?

வெளியாள் வெளியாளாகவே இருப்பதுமில்லை. முற்றிய கொழுப்புத் திட்டுக்குள் விழுங்கணுக்கள் பெரும்பாலும் அங்கேயே இனம் பெருக்குகின்றன என்று சுண்டெலிகளில் 2013-ல் கண்டார்கள். சுமார் 4 வாரங்களில் பழைய கூட்டம் போய்ப் புதிய கூட்டம் வந்துவிடுகிறது. வாசலை அடைத்தால் மட்டும் போதாது என்பது இதனால் தெரிகிறது.

செங்காந்தளில் மருந்து

அபாயச் சங்கை அடக்கிப் பார்த்தால் என்ன? முன்பே மாரடைப்பு கண்ட 10,061 பேரிடம் கானகினுமாப் என்ற மருந்தைச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். கொலஸ்டிரால் குறையவில்லை. ஆனால் இருதய, மூளை விபத்துகள் 15 சதவிகிதம் குறைந்தன! கூடவே ஒரு கெட்ட செய்தி: தொற்று நோயால் இறந்தவர்கள் சற்று அதிகமானார்கள். காவலை அடக்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம்தானே?

மற்றொரு மருந்து கால்சிசின். இதைக் கேட்டால் தமிழர்கள் காது கொடுப்பார்கள். ஏனெனில் நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இது இருக்கிறது. தமிழ்நாட்டு விவசாயிகள் கண்வலிக் கிழங்கு என்று பயிர் செய்து விதையை விற்பது இதற்காகத்தான். வெள்ளை அணுக்களின் ஓட்டத்தையும் சங்கொலியையும் இது மட்டுப்படுத்துகிறது. நாள்பட்ட இருதய நோயாளிகள் 5,522 பேரிடம் நடந்த சோதனையில் (2020), நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் கொடுத்ததில் ஆபத்துகள் 31 சதவிகிதம் குறைந்தன. அமெரிக்க அரசு 2023-ல் இதை இருதயத்துக்கு அனுமதித்தது. ஆனால் மாரடைப்பு வந்த கையோடு 7,062 பேருக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையில் (2024) பயன் தெரியவில்லை. ஆராய்ச்சி என்றால் அப்படித்தான். ஓர் அடி முன்னே, ஓர் அடி பின்னே.

யாரும் வேலியில் பூத்த செங்காந்தளின் கிழங்கைத் தோண்டி அரைத்துக் குடிக்கக் கிளம்பிவிட வேண்டாம்! மருந்துக்கும் விஷத்துக்கும் இதில் இடைவெளி மிகக் குறைவு. அந்தக் கிழங்கைத் தின்று உயிர் விட்டவர்கள் நம் நாட்டில் உண்டு. அரை மில்லிகிராம் என்று கணக்கிட்டு மாத்திரையாகத் தருவதும், யாருக்குத் தரக்கூடாது என்று சொல்வதும் டாக்டரின் வேலை.