முக்திநாத் போகிறீர்களா? மூச்சையும் கவனியுங்கள்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பாலை ஒன்றில் வேலை பார்க்கும் அன்பர் ஒருவர், சென்ற ஆண்டு தன் தாயாரை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஐயா, அம்மாவை முக்திநாத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க மூச்சு முட்டும்கறாங்க. அம்மாவுக்கு ஏதாவது சூரணம் கொடுங்க. எனக்கு ஒண்ணும் வேணாம், உலைப் பக்கத்துல எட்டு மணி நேரம் நிக்கிற உடம்பு இது!"

தாயாரைவிட மகனை நினைத்துத்தான் எனக்குக் கவலை வந்தது.

திருவள்ளூர் வீரராகவரைப் போலவே முக்திநாத் பெருமாள் கோயிலும் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அதனால் நம் பக்கத்து ஜனங்களுக்கு அங்கே போக ஆசை அதிகம். ஆனால் நாம் கடல் மட்டத்தை ஒட்டி வாழ்கிறவர்கள். பொக்காராவில் விமானம் ஏறினால் 20 நிமிடத்தில் ஜோம்சோம். உயரம் சுமார் 9,000 அடி. அங்கிருந்து ஜீப்பில் 12,000 அடியைத் தாண்டி முக்திநாத். உடம்பு இதற்கு எப்படித் தயாராகும், சொல்லுங்கள்?

மலையில் பிராணவாயுவே குறைந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. காற்றில் அதன் பங்கு அங்கும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். முக்திநாத்தில் அது நம்மூர் அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் ரத்தத்தில் சேரும் பிராணவாயு குறைகிறது. ஈடுகட்ட மூச்சு வேகமாகும், நாடி துள்ளும், சிறுநீர் அதிகம் போகும். தூக்கத்தில் மூச்சு சற்று நின்று நின்று வரும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருக வாரக்கணக்கில் ஆகும். அவசரமாக ஏறினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி. இதுதான் மலைநோய். (ஊட்டி போகும் வழியில் வருகிற வாந்தி வேறு, அது கொண்டை ஊசி வளைவுகளின் வேலை!)

உடல் வலுவுக்கு இது பயப்படாது. 1962 போரின்போது சமவெளியிலிருந்து திடீரென்று மலைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் ராணுவ வீரர்கள் நூற்றுக்கணக்கில் பாதிக்கப்பட்டார்கள். டாக்டர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1,925 வீரர்களைக் கவனித்து 1969-ல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. கட்டுமஸ்தான இளைஞர்கள் அவர்கள். வலுவை நம்பி விறுவிறுவென்று ஏறுகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

சூரணம் கேட்டாரே? சுக்குக் கஷாயம் குமட்டலுக்கு இதம் தரும், கொடுத்தேன். ஆனால் மலைநோயைத் தடுக்கும் என்று சொன்னால் நான் வைத்தியனில்லை. கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்கிறார்கள். மூக்கு திறந்த மாதிரி இருக்குமே தவிர ரத்தத்தில் பிராணவாயு ஏறாது. கற்பூரத்தை வாயில் போடவே கூடாது, குழந்தைகளுக்கு வலிப்பே வந்துவிடும். தடுப்புக்கு அசெட்டசோலமைடு என்ற ஆங்கில மருந்து உண்டு. ஆங்கில மருத்துவரிடம் கேட்டு மட்டுமே சாப்பிடுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இருதய நோய், ஆஸ்துமா, ரத்தசோகை உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

உண்மையான மருந்து நிதானம்தான். 10,000 அடிக்கு மேலே, தூங்குகிற இடத்தின் உயரம் நாளுக்கு 1,500 அடிக்கு மேல் கூடக் கூடாது. மது, தூக்க மாத்திரை இரண்டும் வேண்டாம். தலைவலி இருந்தால் மேலே ஏறாதீர்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நுரையோடு இருமல், குடித்தவர் போலத் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துவிட்டது என்று அர்த்தம். ராத்திரியானாலும் உடனே கீழே இறக்குங்கள், பிராணவாயு கொடுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் தரிசனம் என்றாலும் சரி, இறக்கத்தான் வேண்டும்.

அன்பர் பயணத்தை மாற்றி, ஜோம்சோமில் இரண்டு இரவு தங்கிப் போய் வந்தார். தாயாருக்கு ஒன்றுமில்லை. முக்திநாத் போன அன்று மகனுக்குத்தான் தலைவலியாம். தரிசனம் முடித்த கையோடு கீழே இறங்கியதும் சரியாகிவிட்டதாம்.