கூரைமேல் சுரைக்காய்

கொலையோ சூழ்ச்சியோ பெரிதாக இல்லாத 'தலைவெட்டியான் பாளையம்' தொடரில் மனம் எதனால் ஒட்டிக்கொள்கிறது என்று தொட்டியத்திலிருந்து ஓர் அன்பர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். நாகாவின் இயக்கத்தில் 2024-இல் வந்த அத்தொடருக்கு மூலம், 2020-இல் தொடங்கிய 'பஞ்சாயத்' என்னும் ஹிந்தித் தொடர். வேண்டாவெறுப்பாகக் கிராமத்துக்கு வந்து சேரும் ஊராட்சிச் செயலரின் கதை யாவரும் அறிந்ததே. ஆகையால் மூலத்தொடரில் என்னை வசப்படுத்திய ஒரு சுரைக்காயைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதற்பாகத்தில் அது புலேரா கிராமத்தார் செயலருக்குப் பிரியமாகக் கொடுக்கும் காய். 2025-இல் வந்த நான்காம் பாகத்திலோ, அதே காய் ஊராட்சித் தலைவி மஞ்சுதேவியின் தேர்தல் சின்னமாகி, அவரை எதிர்த்துப் போட்டியிடும் கிராந்திதேவியின் பிரஷர் குக்கர் சின்னத்தோடு மல்லுக்கு நிற்கிறது. கிராமத்தில் உபசாரம் முடிந்து அரசியல் தொடங்கும் இடத்தைச் சுட்டுவதற்கு, நீண்ட வசனங்களைக் காட்டிலும் இந்த ஒரு காயே போதுமானதாயிருக்கிறது.

பாத்திரங்கள் வளரும் விதமும் சுரைக்காய் வளரும் விதந்தான். முசிறியில் எங்கள் மாட்டுக்கொட்டகைக் கூரையில் படர்ந்த கொடியை நாள்தோறும் பார்த்திருந்தும் பிஞ்சு பெருத்தது எனக்குத் தெரிந்ததில்லை. ஆற்றுக்கு அக்கரையில் குளித்தலையில் நான்கு நாள் தங்கித் திரும்பினால், பாட்டி கட்டைவிரல் நகத்தைத் தோலில் அழுத்திப் பார்த்து, "இன்னைக்கே பறிச்சுடணும், முத்திடும்" என்பாள். அதிகாரம் முழுவதையும் கணவர் செலுத்த, பெயரளவில் தலைவியாய் வீட்டுக்குள் இருந்த மஞ்சுதேவி, முதற்பாகத்தின் முடிவில் குடியரசு தினக் கொடியேற்றத்துக்காகத் தேசிய கீதத்தைத் தடுமாறித் தடுமாறிப் பயிலும்போதுதான், அதுவரை ஓசையின்றி நிகழ்ந்த வளர்ச்சி நமக்குப் பிரத்தியட்சமாகிறது.

அக்காட்சி என்னை வெகுவாக வருத்தியது. 1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு அளித்தது; தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது. ஆயினும் நான் சென்றிருந்த ஒரு கிராம சபையில், தலைவியை நோக்கிக் கேட்கப்பட்ட குடிநீர்க் கேள்விக்கு முன்வரிசையிலிருந்து அவர் கணவர் எழுந்து பதில் சொன்னார். கூடியிருந்த ஜனங்கள் அதைச் சகஜமாக ஏற்றுக்கொண்டார்கள். மேஜைமேல் இருந்த பேனாவின் மூடியை அந்த அம்மாள் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

அன்பர்களே, பெண் தலைவராயிருக்கும் கிராம சபைக்குப் போனால் உங்கள் கேள்வியை அவரிடமே கேளுங்கள். வேறு யார் எழுந்தாலும், அவர் வாய்திறந்து பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.