டி.வி விளம்பரத்தில் கேட்ட பாட்டு... எல்லைகள் தாண்டிய ஓபெரா குரல்!

தென்னாப்பிரிக்காவின் சிறிய ஊர், பீட் ரெட்டீஃப். 16 வயது பிரெட்டி யெண்டே வீட்டில் டி.வி பார்த்துக்கொண்டிருந்தார். பிரிட்டிஷ் ஏர்வேஸ் விளம்பரம் ஒன்று வந்தது. பின்னணியில் இரண்டு பெண் குரல்கள். அதுவரை கேட்டே இராத இசை! மறுநாள் பள்ளிக்குப் போனதும் ஆசிரியரிடம் அது என்னவென்று விசாரித்தார். அதற்குப் பெயர் ஓபெரா என்று தெரிந்தது. அக்கவுன்டன்ட் ஆக நினைத்திருந்த பெண்ணின் பாதை அங்கே மாறியது.

அந்தப் பாட்டுக்கும் நமக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. 1883-ல் பாரிஸில் அரங்கேறிய 'லாக்மே' ஓபெராவில் வரும் பாட்டு அது. கதை நடப்பது இந்தியாவில். 'லட்சுமி' என்ற பெயர்தான் பிரெஞ்சில் 'லாக்மே' ஆனது. நம் ஊர்க் கடைகளில் விற்கும் லாக்மே லிப்ஸ்டிக்குக்குப் பெயர் வந்ததும் இந்த ஓபெராவிலிருந்துதான்!

ஒரு வாரத்தில் நியூயார்க் மேடை

தேவாலயத்தில் பாடி வளர்ந்த யெண்டே, கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இசை படித்தார். அடுத்து, இத்தாலியின் புகழ்பெற்ற லா ஸ்காலா அரங்கின் அகாடமியில் பயிற்சி. தாய்மொழி சூலு. பாட வேண்டியதோ இத்தாலியனிலும் பிரெஞ்சிலும்! 2009-ல் வியன்னாவின் பெல்வெடேர் போட்டியிலும், 2011-ல் மாஸ்கோவில் நடந்த ஓபெராலியா போட்டியிலும் வென்றார்.

2013 ஜனவரியில், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபெராவில் கதாநாயகியாகப் பாட வேண்டியவர் விலகிக்கொள்ள, யெண்டேவுக்கு அழைப்பு வந்தது. தயாராகக் கிடைத்த அவகாசம் சுமார் ஒரு வாரம். முதல் நாள், மேடைப் படிகளில் இறங்கும்போது தடுக்கி விழுந்தார். எழுந்து பாடினார். முடிவில் அரங்கமே கைதட்டியது.

குரலோடு விசாவும் வேண்டும்

ஓபெரா பாடகர்கள் பலருக்கும் நிரந்தர வேலை கிடையாது. ஒவ்வொரு நாடகத்துக்கும் தனி ஒப்பந்தம். சில வாரம் ஒத்திகை, சில காட்சிகள், பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த நாடு. குரலைப் போலவே பாஸ்போர்ட்டும் முக்கியம். ஐரோப்பியப் பாடகர் மிலனிலிருந்து பாரிஸுக்கு எந்தத் தடையும் இல்லாமல் போய்விடலாம். தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அது அத்தனை எளிதல்ல.

2021 ஜூனில் பாரிஸ் விமான நிலையத்தில் யெண்டேவை போலீஸார் தடுத்துவைத்தனர். அப்போது அதே நகரில் நடந்துவந்த பெல்லினியின் ஓபெராவில் அவர்தான் கதாநாயகி! ஆடையைக் களைந்து சோதனையிட்டதாகவும், தன்னைக் குற்றவாளிபோல நடத்தியதாகவும் சமூக வலைதளத்தில் அவர் எழுதியது பெரும் சர்ச்சையானது. அப்படியொரு சோதனை நடக்கவே இல்லை என்று போலீஸ் தரப்பு மறுத்தது. விசா விவகாரத்தால்தான் நிறுத்தப்பட்டார், பின்னர் அனுமதிக்கப்பட்டார் என்றும் அது விளக்கம் தந்தது.

யெண்டே பாடுவதை நிறுத்தவில்லை. 2023 மே 6 அன்று, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த மன்னர் சார்லஸின் முடிசூட்டு விழாவில், பளிச்சென்ற மஞ்சள் உடையில் தனியாகப் பாடினார்.

2024 டிசம்பரில் மீண்டும் பாரிஸ். தீ விபத்துக்குப் பிறகு புதுப்பிக்கப்பட்ட நோத்ர தாம் தேவாலயத்தின் திறப்பு விழா இசை நிகழ்ச்சி. விமான நிலையத்தில் தன்னை நிறுத்திவைத்த அதே நகரத்துக்காக, அன்று பிரெட்டி யெண்டே பாடினார்.