கித்தாவும் கட்டா-பர்ச்சாவும்

பல்லின் வேர்க்குழாயைச் சுத்தம் செய்தபின் மருத்துவர் அதற்குள் அடைக்கும் பொருளுக்கு ஆங்கிலத்தில் 'கட்டா-பர்ச்சா' என்று பெயர். நன்றாக ஆங்கிலம் படித்தவர்களும் எழுத்தைப் பார்த்ததும் தயங்கும் சொல் இது. மலாக்கா தோட்டங்களில் பால் வெட்டிய மூத்த தலைமுறைக்கோ இதன் முதல் பாதி பழகிய சொல். ரப்பரை அவர்கள் 'கித்தா' என்றார்கள்; ரப்பர் தோட்டம் 'கித்தாக்காடு'. கித்தா, கட்டா இரண்டும் பிறந்தது 'கெத்தா' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து. மரத்தில் வடியும் பிசின் என்பது அதன் பொருள். 'பெர்ச்சா' என்றால் துணித் துண்டு.

ஒரே சொல் ஏன் இப்படி இரண்டாகப் பிரிந்தது? மலாய்ச் சொல்லின் முதல் உயிர் அகரமும் அல்ல, எகரமும் அல்ல. நடுநாவில் மங்கலாக ஒலித்து மறைவது. அதற்குத் தமிழில் தனி எழுத்து இல்லை, இகரம் அந்த இடத்தில் ஏறிக்கொண்டது. நடுவிலுள்ள மெய், நா பல்லைத் தொட்டு எழும் தகரம். உயிர்களுக்கு இடையே வரும் ஒற்றைத் தகரம் தமிழர் வாயில் மெலிந்துவிடும். வன்மையைக் காக்க அது இரட்டித்தது. ஆங்கிலேயரின் நா பல்லைத் தொடாமல் அதற்கு மேலே பட்டதால் 'ட்டா' ஆயிற்று. 'துளி' என்று பொருள்படும் லத்தீன் 'குட்டா'வின் எழுத்துக்கூட்டும் அதோடு சேர்ந்தது. மலாய் ஒலிக்கு நெருக்கமாக நிற்பது தோட்டத்து உச்சரிப்புதான். பள்ளிக்கூடம் பார்க்காதவர்களின் செவி அவ்வளவு கூர்மையாக இருந்திருக்கிறது.

சொல் ஒன்றானாலும் மரங்கள் வேறு வேறு. கட்டா-பர்ச்சா மலாயாவின் காட்டு மரம் தருவது; வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். 1851இல் டோவருக்கும் கலேக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு அதுதான் உறை. ரப்பர் மரம் பிரேசிலிலிருந்து வந்தது. மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் அதை 1896இல் பயிரிட்ட பிறகே மலாயாவில் வணிகத் தோட்டங்கள் பெருகின. இரண்டு பாலும் ஐசோப்பிரீன் மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலிதான். சங்கிலி மடங்கும் விதம் மாறுவதால் ஒன்று இழுபடுகிறது, மற்றது விறைக்கிறது.

ரப்பருக்கு ஆங்கிலத்தில் பத்து எழுத்துள்ள இன்னொரு பெயரும் உண்டு: 'கவ்ச்சுக்'. தென்னமெரிக்கப் பழங்குடிச் சொல் ஒன்று ஸ்பானியம், பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் விழுங்கிவிடும் கடைசி மெய்யை ஆங்கிலேயர்கள் 'க்' என்று அழுத்திச் சொல்கிறார்கள். பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்க இது உதவுவதை 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி குறித்தார், தேய்ப்பதால் 'ரப்பர்'.

தோட்டத்தை விட்டு நகரத்துக்குள் வந்தாலும் இப்படிச் சொற்கள் கிடைக்கின்றன. காஜா பேராங்கில் மலாக்கா செட்டிகள் வாழும் பகுதி 'கம்போங் செட்டி'. வளாகத்தைக் குறிக்கும் ஆங்கிலக் 'காம்பவுண்டு' இந்தக் கம்போங்தான். கலவை என்ற பொருளில் ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருந்த லத்தீன்வழிச் சொல்லின் உருவை அது போர்த்திக்கொண்டது. 'கோடவுன்' என்ற சொல்லோ தமிழ்க் 'கிடங்கு', தெலுங்குக் 'கிட்டங்கி' உறவில் தோன்றி, மலாய் 'குடாங்' ஆகி, ஆங்கிலம் போய்ச் சேர்ந்ததாக அகராதிகள் கருதுகின்றன. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இரண்டையும் விரிவாக ஆராய்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

சீன அதிகாரியைக் குறிக்கும் 'மாண்டரின்' சீனச் சொல்லே அல்ல. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர்கள், நம் 'மந்திரி'யின் மலாய் வடிவமான 'மெந்திரி'யை எடுத்து, கட்டளையிடுவதைக் குறிக்கும் தம் சொல்லின் சாயலில் திரித்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அழுத்தம் முதல் அசையில் விழும். சுல்தான் இல்லாத மலாக்கா மாநிலத்தில் முதலமைச்சரின் பதவிப் பெயர் இன்றும் 'கெத்துவா மெந்திரி'.