மணற்கடலின் கரையில் ஓர் ஆலய நகரம்

ராஜஸ்தானின் ஜோத்பூரிலிருந்து வடக்கே சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில், தார் பாலைவனத்தின் விளிம்பில் உள்ளது ஓசியான். மணற்குன்றுகள் சூழ்ந்த இச்சிற்றூர், முற்காலத்தில் வணிகம் செழித்த பெருநகரம். ஓஸ்வால் வணிகக் குலத்தார் தங்கள் பூர்விகமாகப் போற்றுவது இத்தலத்தையே.

கி.பி. 8-ஆம் நூற்றாண்டு தொடங்கி, பிரதிஹார மன்னர்கள் காலத்தில் இங்கு ஆலயங்கள் எழுந்தன. ஹரியும் ஹரனும் ஓருருவான ஹரிஹரர், சூரிய பகவான், மகாவீரர் என அனைவருக்கும் இங்கே சந்நிதி உண்டு. குன்றின்மேல் மகிஷாசுரமர்த்தினியாக அருள்பாலிக்கும் சச்சியாய் மாதாவை இந்துக்களும் சமணர்களும் ஒருங்கே வணங்குகின்றனர். நவராத்திரி நாள்களில் படிகளெங்கும் பக்தர் கூட்டம் அலைமோதும்.

மழை அரிதான இம்மண்ணைக் காப்பது 'கேஜ்ரி' மரம். அது வேறெதுவுமன்று, விருத்தாசலத்தில் தலவிருட்சமாக நாம் வலம்வரும் வன்னியே! ஆழ வேரோடி நீரைத் தேடிக்கொள்ளும் இதன் தழை கால்நடைக்குத் தீவனம். காய் மக்களுக்கு உணவு. நிழல் பயிருக்குக் குடை.

1730-ஆம் ஆண்டு, ஜோத்பூர் அரண்மனைப் பணிக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டி, கேஜர்லி கிராமத்து வன்னி மரங்களை வெட்ட அரசு ஆள்கள் வந்தனர். அமிர்தா தேவி என்னும் பெண்மணி மரத்தைத் தழுவி நின்று உயிர் துறந்தார். அவரைத் தொடர்ந்து பிஷ்னோய் மக்களும் மரங்களை அணைத்து நின்றனர். மொத்தம் 363 பேர் மாண்டனர். செய்தியறிந்த மன்னர் வருந்தி, மரம் வெட்டுவதைத் தடை செய்தார்.

அடுத்த விஜயதசமியன்று வன்னியை வலம்வருகையில், அந்தப் பாலை மக்களையும் நெஞ்சில் நினைப்போம்.