உங்களுக்குத் தெரியுமா? ஓடுகிற பிள்ளைக்கு இட்லி பகை அல்ல

எடை குறைந்தால் வேகம் கூடும் என்று இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கும் இளம் வீராங்கனைகள் உண்டு. பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகும். எலும்பு வலுவிழந்து கீறல் விடும். பையன்களையும் இந்த ஆற்றல் பற்றாக்குறை விடாது. எடை குறையாமலேகூட வரும் என்பதுதான் கவலை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்கு 'ரெட்-எஸ்' என்று பெயரிட்டது.

பயிற்சிக்கு ஈடான சாப்பாடு நம் ஊரிலேயே உண்டு. காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கும் கோயில் இட்லியைப் பாருங்கள்: அரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் நிதானமாக வெந்தது. ஓட்டத்துக்கு மாவுச்சத்து, தசைக்குப் புரதம், இரண்டும் அதில் உண்டு.

பயிற்சியாளர்களே, பிள்ளைகளின் உடம்பை மைதானத்தில் விமர்சிக்காதீர்கள். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.