யாப்பாய்வு நிரல்களில் வகுப்பின் தேவை

1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்பனுவல்களாக வழங்கிவருகிறது. அப்பனுவல்களைக் கொண்டு யாப்பாய்வு செய்வோர் பைத்தான் மொழியில் சிறு நிரல்களைத் தாமே எழுத முற்படுகையில், நிரலைச் செயற்கூறுகளாக அமைப்பதா, வகுப்புகளாக அமைப்பதா என்னும் ஐயம் எழுகிறது. பள்ளிப் பாடநூல்கள் வகுப்பினை ‘இனக்குழு’ என்கின்றன. சங்க இலக்கிய ஆய்வில் அச்சொல் வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டமையால் இக்கட்டுரை அதனைத் தவிர்க்கிறது.

‘மதுரை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் இது ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என 5 குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. இலக்கணப்படி எழுத்துகள் 3 மட்டுமே. எனவே எழுத்துப் பிரிப்பு முதற்பணியாகிறது. அடுத்துக் குறில், நெடில், ஒற்று என இனங்காணல். அதன்பின் அசை பிரித்தல். குறிலிணையான ‘மது’ நிரை, ‘ரை’ நேர், சீர் புளிமா. இப்படிகள் அனைத்திலும் உள்ளீடு மாறாதவரை வெளியீடு மாறாது. முன்னர் அலகிட்ட சொல் எது என்பதை நிரல் நினைவிற்கொள்ள வேண்டுவதில்லை. நினைவு வேண்டாத இடத்தில் செயற்கூறே போதும். ஓப்பன்-தமிழ் நிரலகத்திலும் எழுத்துப் பிரிப்பு ஒரு செயற்கூறாகவே உள்ளது. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்பவற்றுள் ஒன்றாதல் வேண்டும் என்னும் விதிக்கும் வகுப்பு தேவையன்று. சீரின் இடத்தையும் உள்ளீடாகத் தந்தால் முடிந்தது. ஓர் ஆக்கியும் ஒரேயொரு செயற்கூறும் மட்டும் கொண்ட வகுப்பு, உண்மையில் வேடமிட்ட செயற்கூறே. 2012ஆம் ஆண்டுப் பைக்கான் மாநாட்டில் ஜாக் டீடெரிக் ஆற்றிய உரை இவ்வழக்கத்தையே கண்டித்தது.

அவ்வாறாயின் வகுப்பு எதற்கு? அதன் தோற்றமே விடை தருகிறது. ஓலே-யோகன் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் ஓஸ்லோவில் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் வகுப்பு என்னும் கருத்து உருப்பெற்றது. அவர்களது நோக்கம் பாவனையாக்கம். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தை நிரலில் பாவனை செய்வதாகக் கொள்வோம்: பேருந்துகள் ஓரினத்தவை; ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்த தடம், தனித்த பயணியர் எண்ணிக்கை, கணந்தோறும் மாறும் நிலை. ஓரினத்துப் பல பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் மாறும் நிலை என்பதே வகுப்பின் இயல்பான களம்.

யாப்பாய்வில் இக்களம் பாடவேறுபாட்டில் எதிர்ப்படுகிறது. ஒரு குறட்பாவில் சீர்கள் 7, அவற்றிடையே தளைகள் 6. சீர், வாய்பாடு, தளை ஆகியவற்றைத் தனித்தனிப் பட்டியல்களில் வைத்திருக்கும் ஆய்வாளர், மணக்குடவர் பாடத்திற்கேற்ப இடையில் ஒரு சீரை மாற்றினால், அதன் வாய்பாட்டையும் இருபுறத் தளைகளையும் மாற்றியாக வேண்டும். ஒன்றை மறந்தாலும் நிரல் பிழைச்செய்தி காட்டாது. ஆய்வேட்டின் அட்டவணை மட்டும் பிழைபடும். இதற்கும் எளிய மாற்று உண்டு: தளைகளைச் சேமிக்காமல், வேண்டும்போதெல்லாம் சீர்களிலிருந்து புதிதாகக் கணக்கிடுவது. 1330 குறட்பாக்களுக்கும் சேர்த்துத் தளைகள் 7980. கணினிக்கு இது சுமையே அன்று.

ஆனால் பரிமேலழகர் பாடமும் மணக்குடவர் பாடமும் ஒருங்கே நிரலில் நிற்கவேண்டும், எந்தச் சீர் யாருடையது என்பதும் உடன்வர வேண்டும், மாற்றம் ஒரே வாயில் வழியாக மட்டுமே நிகழவேண்டும் என்றால், ‘குறட்பா’ என்னும் வகுப்பு தன் இடத்தைப் பெறுகிறது. அப்போதும் அசை பிரிக்கும் செயற்கூறுகளை அவ்வகுப்பினுள் அடைக்காமல் வெளியே நிறுத்துவது நன்று. நாலடியாருக்கும் அவையே பயன்படும்.